தோட்ட வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியும் சூரிய மின்சாரச் சிக்கனமும்

கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் பாத்தியை அடையுமுன் வாய்க்காலிலேயே பாதி கசிந்து போகுமானால், விவசாயத்தில் சிறிதேனும் பழக்கமுள்ள எவரும் உடனே கிணற்றை ஆழப்படுத்தத் தொடங்கமாட்டார். முதலில் எலி வளைகளை அடைப்பார். கரையை மிதித்துக் கெட்டிப்படுத்துவார். கையில் பணமிருந்தால் சிமெண்டு வாய்க்கால் கட்டுவார். அதன் பின்னரும் நீர் போதாவிடில்தான் கிணற்றைப் பற்றி யோசிப்பார். இத்தனை தெளிந்த புத்தியுள்ள நம் விவசாயிகள், சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் காரியத்தில் மட்டும் இதற்கு நேர்மாறாக நடந்து வருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களையும், செய்யத்தக்க பரிகாரங்களையும் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்வாரியத்தின் கம்பி எட்டாத மலையடிவாரத் தோட்டங்களிலும், ஊரைவிட்டு விலகிய காட்டு வீடுகளிலும் இப்போது சோலார் தகடுகளைக் கூரைமேல் காண்பது சாதாரணமாகிவிட்டது. விளக்கும் விசிறியும் கைப்பேசியும் அவற்றால் சிரமமின்றி நடக்கின்றன. ஆனால் குடும்பம் நிலையாகத் தோட்டத்தில் தங்கத் தொடங்கியதும், பாலும் தயிரும் மாவும் மீனும் கெடாமல் இருக்க ஒரு குளிர்சாதனப் பெட்டி வேண்டியதாகிறது. வீட்டில் நீரிழிவு நோயுள்ள பெரியவர் இருந்தால் இன்சுலின் மருந்துக்காகவும் அது அவசியமாகிறது. மற்ற சாதனங்கள் வேண்டும்போது மட்டும் மின்சாரத்தைக் கேட்கின்றன. இந்தப் பெட்டி ஒன்றே இரவும் பகலும், வெயிலிலும் மழையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தோட்ட வீட்டின் சோலார் அமைப்பு நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் இதனைப் பொறுத்தே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த நிலக்கிழார் ஒருவர், பட்டணத்து வீட்டில் பத்து வருஷம் உழைத்த இரண்டு கதவுப் பெட்டியைத் தோட்டத்திற்குக் கொண்டு வந்து, சமையலறையில் மேற்குச் சுவரையொட்டி, அடுப்புக்கு அருகில் வைத்தார். இரண்டு பாட்டரிகள் இருந்தன. முதல் வருஷ ஐப்பசி அடைமழையில், மூன்றாம் நாள் விடியுமுன்னே இன்வெர்ட்டர் கூவி நின்றது. பால் திரிந்தது, தாயாருடைய இன்சுலினையும் நம்பமுடியாமல் எறிய நேர்ந்தது. விற்பனையாளரைக் கேட்டபோது இன்னும் இரண்டு பாட்டரிகள் சேர்க்கவேண்டும் என்றார். சேர்த்தார். அடுத்த வருஷம் கார்த்திகையில் மறுபடியும் அதே கதையாயிற்று. அடிக்கடி முற்றிலும் வற்றவிட்டதனால் நான்கு பாட்டரிகளும் தங்கள் ஆயுளுக்கு வெகுமுன்பே வீணாயின. இவ்வளவு செலவும் கவலையும் நேர்ந்த காலத்தில், அந்தப் பெட்டி நாளொன்றுக்கு எத்தனை யூனிட் குடிக்கிறது என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

இரவு மின்சாரத்தின் விலை

சூரியன் இலவசமாகக் கொடுக்கும் மின்சாரத்திற்குச் சிக்கனம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சூரியன் கொடுப்பது இலவசம் என்பது மெய். ஆனால் அது பகலில் மட்டுமே கொடுக்கிறது. இரவுக்கு வேண்டியதைப் பாட்டரியில் தேக்கி வைக்கவேண்டும். தகடு இருபது வருஷத்திற்கு மேல் உழைக்கும். சாதாரண ஈயப் பாட்டரி சில வருஷங்களிலேயே மாற்றத்தக்கது. ஆகவே பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒரே விலையுடையன அல்ல. வெயில் நாளில், நடுப்பகலுக்குள் பாட்டரி நிறைந்துவிட்டால், அதன் பிறகு தகடு தரக்கூடிய மின்சாரம் எடுப்பாரின்றி வீணே போகிறது. அந்த யூனிட்டுக்கு விலையில்லை. இரவில் செலவாகும் யூனிட்டோ பாட்டரியின் ஆயுளிலிருந்து அறுத்து எடுக்கப்படுவது.

ஒரு வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் அடங்குவது 1.8 யூனிட். ஈயப் பாட்டரி நெடுநாள் உழைக்கவேண்டுமானால் அதில் பாதிக்கு மேல் எடுக்கலாகாது. ஆகவே இரண்டு பாட்டரிகளில் நாம் நம்பத்தக்கது 1.8 யூனிட்டே. பழைய பெட்டி நாளொன்றுக்கு 1.2 யூனிட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், மாலை 5 மணி முதல் காலை 8 மணி வரை 15 மணி நேரத்தில் 0.75 யூனிட் ஆகிறது. இன்வெர்ட்டர் தான் விழித்திருப்பதற்காக மட்டும் 20 வாட் எடுத்தால், அதே நேரத்தில் 0.3 யூனிட் ஆகிறது. மின்சாரத்தை மாற்றுவதில் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 1.15 யூனிட். ஒரு விசிறி சுழலுமுன்பே, ஒரு விளக்கு எரியுமுன்பே, கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இக்கணக்கில் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன்வெர்ட்டரின் பங்கு. 20 வாட் என்பது அற்பமாகத் தோன்றும்; 24 மணி நேரத்திற்கு அது 0.48 யூனிட் ஆகும். நல்ல சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று ஒரு நாள் முழுவதும் எடுக்கும் அளவுக்கு இது சமம். பெட்டிக்காகவே இன்வெர்ட்டரை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்கிறவர், ஒரு பெட்டிக்கு இரண்டு பெட்டியின் செலவைச் செய்கிறார்.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பெறப்படுகின்றன. ஒன்று, பெட்டியின் தேவையையே குறைப்பது. மற்றொன்று, அந்தக் குறைந்த தேவையையும் கூடியவரை பகலுக்கு மாற்றுவது.

முதலில் கசிவை அடைத்தல்

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெளியே வெப்பம் மிகுந்திருந்தால் சுவர் வழியாக உள்ளே புகுவதும் மிகும், தள்ளுவதும் கடினமாகும். ஆகவே பெட்டியை வைக்கும் இடமே முதற்காரியம். வெயில் தாக்கும் மேற்குச் சுவர், தகரக் கூரையின் அடி, அடுப்பின் பக்கம் ஆகிய மூன்றையும் விலக்கவேண்டும். வடபுறத்து அறையிலோ, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தை அடுத்த உள்ளறையிலோ வைப்பது நலம். இதற்குக் காசு செலவில்லை.

பின்புறத்தில் ஒரு சாண் இடைவெளி விடவேண்டும். பக்கங்களிலும் காற்று புழங்க இடம் வேண்டும். இக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. இதை அறியாமல் சிக்கனம் கருதி, பெட்டியைச் சுற்றிச் சாக்கோ தெர்மாகோலோ கட்டுபவர்கள் உண்டு. அது காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவதை ஒக்கும். பின்புறக் கம்பிவலை வெளியே தெரியும் பெட்டியானால், தோட்டத்துத் தூசு அதில் படியாதபடி மாதம் ஒருமுறை துடைப்பது அவசியம்.

கதவின் ரப்பர் விளிம்பைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்தால், அது இறுகிப் பிடிக்கவேண்டும். வழுக்கி வருமானால் அவ்விடத்தில் இரவு பகலாகக் குளிர் கசிகிறது என்று அறியலாம். பிரீசரில் பனி கால் அங்குலம் படிந்தவுடன் பெட்டியை நிறுத்தி உருகவிடவேண்டும். கத்தியால் சுரண்டலாகாது, குழாய் ஓட்டையாகிவிடும். தற்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் வாயு தீப்பற்றும் தன்மையுடையது.

சூடான குழம்பையும் காய்ச்சிய பாலையும் அப்படியே உள்ளே வைக்கலாகாது. பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி விரைவில் ஆறவிட்டு, பிறகு மூடி வைக்கவேண்டும். அதற்காக மணிக்கணக்கில் வெளியே விட்டுவிடுவதும் தகாது. ஒரு டம்ளர் நீரில் தெர்மாமீட்டரை இட்டு நடுத்தட்டில் வைத்தால் பெட்டியின் உண்மையான நிலை தெரியும். 4 முதல் 5 டிகிரி சென்டிகிரேடு போதுமானது. ஒன்றிரண்டு டிகிரிக்குக் குளிர்விப்பது வீண் செலவு.

அன்றியும், பெட்டிக்குள் இருக்கவேண்டியது எது, வேண்டாதது எது என்று ஆராயவேண்டும். குடிதண்ணீருக்கு மண்பானையே போதும். தக்காளி, கத்தரி முதலிய காய்களுக்கும் மின்சாரம் வேண்டுவதில்லை. டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் பழக்கத்திற்குக் கொண்டுவந்த செங்கல் குளிர் அறை ஒன்றுண்டு. இரட்டைச் செங்கற்சுவர் எழுப்பி, இடையில் சுமார் 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்பி, நீர் தெளித்து ஈரமாக வைத்திருப்பதே அதன் முறை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளே குளிர்கிறது. குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி செய்துவரும் களிமண் குளிர்ப்பெட்டியும் இதே தத்துவத்தைக் கொண்டது. கோயமுத்தூர், தருமபுரி போன்ற வறண்ட காற்றுள்ள இடங்களில் இவை நன்கு பலன் தரும். கடலோர ஜில்லாக்களின் ஈரக் காற்றிலும், மழைக்காலத்திலும் பலன் குறையும். பாலுக்கும் மீனுக்கும் மருந்துக்கும் இவை போதா.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாக வாங்குவோர், விலைச்சீட்டைப் பார்க்குமுன் நட்சத்திரச் சீட்டைப் பார்க்கவேண்டும். மத்திய சர்க்கார் 2002-ல் நிறுவிய எரிசக்தித் திறன் பணியகம் 2006 முதல் இச்சீட்டு முறையை நடத்தி வருகிறது. நட்சத்திரங்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதில் அச்சிட்டிருப்பதை 365-ஆல் வகுத்துப் பார்க்கவேண்டும். நட்சத்திரங்களின் அளவுகோல் அவ்வப்போது திருத்தப்படுவதால், பழைய வருஷத்து ஐந்து நட்சத்திரமும் இவ்வருஷத்து ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. அன்றியும் அந்த யூனிட் கணக்கு சோதனைச் சாலையில் எடுத்தது; சித்திரை வெயிலில் நம் வீடுகளில் அதற்கு மேலும் ஆகக்கூடும்.

பனி தானாக உருகும் இரண்டு கதவுப் பெட்டியில் உள்விசிறிக்கும், பனியை உருக்கும் சூட்டுக் கம்பிக்கும் தனியே மின்சாரம் செலவாகிறது. ஒற்றைக் கதவுச் சிறு பெட்டியில் அச்செலவு இல்லை. சோலார் வீட்டிற்கு இதுவே பொருத்தமானது. வேகம் மாறி ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள பெட்டியாயின் இன்னும் நலம். புறப்படும்போது பெருமின்னோட்டத்தை இழுக்காது என்பதால் சிறிய இன்வெர்ட்டரே போதும்.

மேல்மூடியுள்ள பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டாம் சால்கோ என்பவர், மேல்மூடி பிரீசர் ஒன்றுக்கு வெளியிலிருந்து ஒரு தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி, அதைச் சாதாரணக் குளிர்நிலையில் ஓடவிட்டு, நாளொன்றுக்குச் சுமார் 0.1 யூனிட்டில் நடத்தியதாக 2005-ல் எழுதினார். பிரீசரின் சுவர் பூஜ்யத்திற்கும் கீழ் 18 டிகிரிக்காகத் தடித்துச் செய்யப்பட்டது. அதை 5 டிகிரியில் நடத்தினால் உட்புகும் வெப்பம் மிகக் குறைவு. மூடியைத் திறந்தாலும் குளிர்ந்த காற்று கீழேயே தங்கும். நம் நாட்டு வெயிலில் அதே அளவை எதிர்பார்ப்பது தவறு. அடியில் நீர் கோத்துக்கொள்வதும், கீழுள்ள பாத்திரத்தை எடுக்க மேலுள்ளதை இறக்குவதும் அதிலுள்ள தொல்லைகள். ஆயினும் குடும்பத்தார் இசைந்தால் ஆலோசிக்கத்தக்கது.

பகலிலேயே குளிரைச் சேமித்தல்

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதுவே. இரவுக்கு வேண்டிய குளிரை மின்சாரமாகப் பாட்டரியில் தேக்குவதைவிட, பனிக்கட்டியாகப் பெட்டியிலேயே தேக்குவது மலிவானது. பனிக்கட்டிக்கு ஆயுள் குறைவதில்லை. எத்தனை முறை உருகி உறைந்தாலும் அது புதிதே.

ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. 5 லிட்டர் நீரை உறையவைத்தால், உருகும்போது அது ஏற்கும் வெப்பம் ஏறக்குறைய 0.46 யூனிட்டுக்குச் சமம். நன்றாக மூடும் ஒற்றைக் கதவுச் சிறு பெட்டிக்குள் சுவர் வழியாக 40 அல்லது 50 வாட் வீதம் வெப்பம் புகுவதாகக் கொண்டால், அந்தப் பனிக்கட்டி சுமார் 10 மணி நேரம் அதைத் தாங்கும். ஓர் இரவுக்கு ஏறக்குறைய இதுவே வேண்டியது.

செய்யும் முறை எளிது. பிளாஸ்டிக் பாட்டில்களில் ஐந்தில் நான்கு பங்கு மட்டும் நீர் நிரப்பி, பிரீசரில் அடுக்கவேண்டும். உறையும்போது நீர் பருக்குமாதலால் மேலே இடம் விடுவது அவசியம். பெட்டியின் சக்திக்கேற்ப 3 லிட்டரில் தொடங்கி 5 லிட்டர் வரை போகலாம். ஒரு டைமரைப் பொருத்தி, காலை 9 மணிக்குப் பெட்டி ஓடத் தொடங்கி மாலை 4 அல்லது 5 மணிக்கு நிற்கும்படி செய்யவேண்டும். இரவில் பெட்டியைத் திறப்பதைக் குறைக்கவேண்டும். விளக்கும் விசிறியும் பாட்டரியிலிருந்து நேரே ஓடும் டி.சி. வகையாக இருந்தால், இரவில் இன்வெர்ட்டரையே அணைத்துவிடலாம். அப்போது மேற்சொன்ன கணக்கில் இரவுக்கு ஆகும் 1.15 யூனிட் முழுவதும் பாட்டரியில் மிஞ்சி நிற்கும். மழை நாளில் வீட்டைக் காப்பது இந்த மிச்சமே.

இது புதுமையான யோசனை அன்று. நம் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று தடுப்பூசி மருந்து வைக்கும் பெட்டியைப் பார்த்தவர்கள், அது மேல்மூடியுள்ளதாகவும், உட்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி அடுக்கு அமைந்ததாகவும் இருப்பதைக் கண்டிருப்பர். 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்தைக் காக்கும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம், யூனிசெப் முதலியன சேர்ந்து 2001-ல் தொடங்கிய சோலார்சில் என்னும் முயற்சியில், பாட்டரியே இல்லாமல் தகட்டிலிருந்து நேரே ஓடி, குளிரைப் பனிக்கட்டியில் தேக்கும் பெட்டிகள் உருவாயின. உயிர் காக்கும் மருந்துக்கு நம்பப்படும் முறையை நம் பாலுக்கும் தயிருக்கும் நம்பலாம்.

எச்சரிக்கை

சிக்கனத்தை விரும்பி உடல் நலத்தைப் பணயம் வைக்கலாகாது. டைமர் வைத்த முதல் வாரம் விடியற்காலையில் தெர்மாமீட்டரைத் தவறாமல் பார்க்கவேண்டும். 5 டிகிரிக்கு மேல் காட்டினால், அந்த வீட்டிற்கு இன்னும் பனிக்கட்டி வேண்டும். அல்லது முன்னிரவில் ஒரு மணி நேர ஓட்டமாவது வேண்டும். பல நாள் உறைநிலையில் வைக்கவேண்டிய மீனுக்கும் இறைச்சிக்கும் இம்முறை ஏற்றதன்று. இன்சுலினைப் பனிக்கட்டியை ஒட்டி வைத்தால் உறைந்து பயனற்றுப் போகும். ஒரு டப்பாவில் இட்டு நடுத்தட்டில் வைக்கவேண்டும். கோழிக்கும் கால்நடைக்குமான தடுப்பு மருந்துகளை வீட்டுப் பெட்டியில் சேமித்து வைப்பதைவிட, கால்நடை மருந்தகத்திலிருந்து வேண்டிய அன்று பெற்றுப் போடுவதே நலம். கம்ப்ரஸர் நின்றவுடன் மறுபடி ஓட்டாமல் 5 நிமிஷமாவது விடவேண்டும்.

சில ஆட்சேபங்கள்

தகடுகளின் விலை இப்போது வெகுவாக இறங்கிவிட்டதே, இன்னும் ஒரு தகடு சேர்த்தால் போகிறது என்பார் சிலர். இதில் உண்மையுண்டு. ஓடும் பெட்டி நல்ல நிலையில் இருக்குமானால், அதை எறிந்து புதியது வாங்குவதைவிட ஒரு தகடு கூட்டுவது லாபமாக இருக்கக்கூடும். மேகம் கவிந்த நாளில் அதிகத் தகடே கைகொடுக்கும். ஆனால் எத்தனை தகடு சேர்த்தாலும் இரவில் அது ஒரு வாட்டும் தராது. தகடு கூட்டுவதை நான் தடுக்கவில்லை. பெட்டியை அளக்குமுன் பாட்டரி கூட்டுவதையே தடுக்கிறேன்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்பது மற்றோர் ஆட்சேபம். பெட்டியை இடம் மாற்றுவது ஒரு நாள் வேலை. பாட்டில் நிரப்புவது ஒரு நாழிகை வேலை. டைமர் தானே நடக்கும். நாற்றங்காலுக்குக் காட்டும் கவனத்தில் நூறில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சோலார் அமைப்புக்கு உதவி நாடி வரும் விவசாயியிடம், வீட்டில் எத்தனை விளக்கு, எத்தனை விசிறி என்று கேட்பது வழக்கம். குளிர்சாதனப் பெட்டி எவ்வகை, நாளொன்றுக்கு எத்தனை யூனிட், எந்தச் சுவரோரம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கவேண்டுகிறேன். செருகி அளக்கும் சிறு மீட்டர் ஒன்று அதிக விலையுள்ளதன்று. கிராமக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை வாங்கி வைத்து, வேண்டியவர்களுக்கு ஒரு வாரம் இரவல் கொடுத்தால், அந்த ஒரு மீட்டர் பத்து வீடுகளில் வீண் பாட்டரிச் செலவைத் தடுக்கும். அளந்து கண்ட யூனிட்டை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்து வந்தால், அந்த ஊருக்குரிய கணக்கு அந்த ஊரிலேயே கிடைக்கும்.

ஐப்பசிக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நலம். மடை உடைந்த பிறகு மண் தேடுவதில் பயனில்லை. இம்மாதத்திலேயே பெட்டியை அளந்து, இடம் மாற்றி, பாட்டில்களை உறையவைத்துப் பார்த்தவர்கள், அடைமழை நாளில் பாட்டரி வற்றுமோ, மருந்து கெடுமோ என்ற கவலையின்றித் தூங்கலாம்.